லைன் தொற்றைத் தடுக்க எந்த லாக்? வீட்டில் டி.பி.என். பெறும் குழந்தைக்கான ஓர் ஒப்பீடு

"ஓராண்டுக்குள் மூன்று முறை லைன் தொற்று வந்துவிட்டது. டாரோலிடின் தொடங்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் எத்தனால்தான் சிறந்தது என்கிறார். கனடாவில் வேறேதோ கொடுக்கிறார்களாம். நாங்கள் எதற்குச் சம்மதிப்பது?"

குறைமாதத்தில் பிறந்து, குடல் அழுகல் நோயாலோ குடல் முறுக்காலோ குடலின் பெரும்பகுதியை இழந்து, இரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் (டி.பி.என்.) பெறும் குழந்தைகளின் பெற்றோர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஊட்டப் பையை வீட்டிலேயே ஏற்றுவதற்குப் பெற்றோருக்குப் பயிற்சி தரும் செவிலியராக இலண்டனில் வேலை செய்யும் நான், இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதில்லை. இறுதி முடிவு குழந்தையின் மருத்துவக் குழுவுடையது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் எதைக் கேட்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பதால், இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முடிவு எதைப் பற்றியது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊட்டப் பை இரவில் 10 முதல் 14 மணி நேரம் பம்ப் மூலம் ஏறுகிறது. பகலில் அது ஏறும் குழாய், அதாவது லைன், சும்மா இருக்கிறது. இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரை வரை செல்லும் குழாய் வெறுமையாக இருக்க முடியாது என்பதால், அதன் உட்கொள்ளளவுக்குச் சரியாக, சிறு குழந்தைகளுக்கு ஒரு மில்லிலிட்டரை எட்டாத அளவு திரவத்தைச் செலுத்திக் கிளாம்பை மூடிவிடுகிறோம். அந்தத் திரவம்தான் லாக். அது வெறும் உப்புநீரா, கிருமியைக் கொல்லும் ஒன்றா என்பதே இங்கு பேசப்படுவது.

## லாக்கால் ஆகாதது

எந்த லாக்கைத் தேர்ந்தாலும் அது இரண்டாவது காவல்தான். கிருமி பெரும்பாலும் குழாயின் வெளிமுனை வழியாக, பையை இணைக்கும்போதும் கழற்றும்போதும், நம் விரலிலிருந்தும் குழந்தையின் தோலிலிருந்தும் உள்ளே போகிறது. போனதும் குழாயின் உட்சுவரில் ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. படலம் முற்றிவிட்டால் இரத்தத்தில் செலுத்தும் ஆன்டிபயாடிக் அதற்குள் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே முனையை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினித் துடைப்பானால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்ப்பதும், பிறகு அது தானாக உலரும்வரை ஊதாமல், விசிறாமல், தொடாமல் காத்திருப்பதும் எல்லா லாக்குகளுக்கும் முந்தியவை.

தேய்க்கும் 15 விநாடி பற்றி யாரும் தகராறு செய்வதில்லை. உலர்வதற்கான காத்திருப்பில்தான் தவறு நேர்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மம்மா, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று, "பிள்ளை, நான் ஒரு தேவாரம் மெல்லமாச் சொல்லி முடிக்கிறன், அதுக்குள்ள காஞ்சிடுமோ?" என்று கேட்டார். காய்ந்துவிடும் என்றேன். அந்த வீட்டில் இன்றும் அப்படித்தான் அளக்கிறார்கள். தொற்று அடிக்கடி வரும் வீட்டில், புது லாக் கேட்பதற்கு முன், இணைப்பு முறையைச் செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்ப்பது நல்லது. ஈராண்டு செய்து பழகிய கைகள்தான் படிகளைத் தாண்டத் தொடங்கும். அதைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, தொற்றைத் தடுக்கும் வலிமையும், அது குழந்தைகளிடம் காட்டப்பட்டிருக்கிறதா என்பதும். இரண்டாவது, லாக் குழாயையே என்ன செய்கிறது என்பது: அடைக்கிறதா, விரிசல் விடச் செய்கிறதா, எந்தப் பொருளால் ஆன குழாய்க்குப் பொருந்தும்? மூன்றாவது, அது இரத்தத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும். நான்காவது, குழாய்க்குள் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், குழந்தையின் அன்றாடத்தில் அந்த நேரம் இருக்கிறதா. ஐந்தாவது, நீங்கள் வாழும் நாட்டில் அது கிடைக்குமா, யார் பணம் கட்டுவது.

இவற்றுக்கு நான் சம எடை கொடுப்பதில்லை. குழந்தையின் உடலில் நீண்டநாள் குழாய் போடத்தக்க இடங்கள் கழுத்தில் இரண்டு, காறையெலும்பின் கீழ் இரண்டு, தொடையில் இரண்டு என ஆறுதான். தொற்றினால் ஒரு குழாயை எடுக்க நேர்ந்தாலும், இரத்தம் உறைந்து சிரை மூடிக்கொண்டாலும், கணக்கில் ஓர் இடம் குறையலாம். இடங்கள் தீரும்போதுதான் குடல் மாற்று அறுவை பற்றிய பேச்சு எழுகிறது. எனவே தொற்றைத் தடுப்பதும் சிரையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடத்தில், 'இந்த லாக்கால் எத்தனை தொற்று குறையும்' என்பதைவிட 'இந்த லாக்கால் எத்தனை சிரை மிஞ்சும்' என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

எண்களைப் படிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொற்று விகிதத்தை 1000 குழாய் நாட்களுக்கு இத்தனை என்று எழுதுவார்கள். 1 என்றால் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு தொற்று. 9 என்றால் ஆண்டுக்கு மூன்றுக்கும் மேல்.

## உப்புநீரும் ஹெப்பாரினும்

உப்புநீர் மலிவு, எங்கும் கிடைப்பது, எந்தக் குழாய்க்கும் பொருந்துவது. தொற்றைத் தடுக்கும் வலிமை மட்டும் அதற்கு இல்லை. நீர்த்த ஹெப்பாரினும் அப்படித்தான். அது இரத்தம் உறையாமல் இருப்பதற்கானது. ஆய்வகச் சோதனைகளில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி படலம் கட்டுவதற்கு ஹெப்பாரின் துணைபோவதாகவும் பார்த்திருக்கிறார்கள்.

இருந்தும் இதுவே போதுமான குழந்தைகள் உண்டு. சில வாரங்களில் ஊட்டம் நிறுத்தப்படும் என்று தெரிந்து, கையில் போட்ட தற்காலிகக் குழாயோடு வீடு செல்லும் குழந்தை ஓர் எடுத்துக்காட்டு. பகலிலும் மருந்துக்காகப் பலமுறை குழாயைத் திறக்க வேண்டிய குழந்தைக்கும் விலையுயர்ந்த லாக் வீணே. உள்ளே நிற்க நேரமில்லாத திரவம் கிருமியை என்ன செய்யும்? நீண்டநாள் ஊட்டம் என்று உறுதியான பின்னும் உப்புநீரிலேயே இருக்கிறோம் என்றால், காரணத்தைக் குழுவிடம் கேட்க வேண்டும். "இதுவரை தொற்று வரவில்லையே" என்பது எனக்கு முழுக் காரணமாகத் தோன்றுவதில்லை.

## டாரோலிடின்

டாரின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாக்கப்பட்ட இது ஆன்டிபயாடிக் அன்று. கிருமியின் சுவரோடு வேதியியல் முறையில் பிணைந்து அதைச் சிதைக்கிறது. பாக்டீரியாவோடு கேண்டிடா போன்ற பூஞ்சைகளையும் எதிர்க்கிறது. பல ஆண்டுப் பயன்பாட்டிலும் கிருமிகள் இதற்குப் பழகிப்போவது பெரிய சிக்கலாக எழவில்லை. இரத்தத்தில் கலந்தால் டாரினாகவும் நீராகவும் கரியமிலவாயுவாகவும் சிதைந்துவிடும். ஐரோப்பாவில் சிட்ரேட் சேர்த்தும், ஹெப்பாரின் சேர்த்தும், அடைப்பு அடிக்கடி வருவோருக்கு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் யூரோகைனேஸ் சேர்த்தும் கிடைக்கிறது.

இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை, வீட்டில் ஊட்டம் பெற்ற தன் குழந்தைகளிடம் இதைத் தொடங்கிய பின் 1000 குழாய் நாட்களுக்கு 8.6 ஆக இருந்த தொற்று 1.1 ஆகக் குறைந்ததாக 2012-இல் எழுதியது. ஆண்டுக்கு மூன்று முறை படுக்கையில் கிடந்த குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை தொற்று என்பது அதன் பொருள். இத்தகைய முன்-பின் ஒப்பீட்டை நான் ஓர் ஐயத்தோடுதான் வாசிக்கிறேன்: தொற்று மிகுந்த காலத்தில்தான் புது லாக் தொடங்குவார்கள், உச்சத்தில் தொடங்கிய எதுவும் பலித்தது போலவே தோன்றும். அந்த ஐயத்தை ஓரளவு தீர்த்தது 2018-இல் வெளியான, பெரியவர்களை இரு குழுவாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு. அதில் புதிதாகக் குழாய் போட்டவர்களில், உப்புநீர் பெற்றோருக்கு 1.49, டாரோலிடின் பெற்றோருக்கு 0.29 என்று விகிதம் அமைந்தது. படலம் கட்டப்படுவதற்கு முன்பே, குழாய் போட்ட நாளிலிருந்தே தொடங்குவது மேல் என்று நான் பெற்றோரிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே 2018-இல் வந்த ஐரோப்பியக் குழந்தைநல வழிகாட்டியும் நீண்டநாள் குழாய்க்கு டாரோலிடினைப் பரிந்துரைக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. வேகமாகச் செலுத்தினால் சில குழந்தைகள் மார்பில் எரிச்சல் என்பார்கள். சிட்ரேட் சேர்ந்ததாக இருந்தால் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போன்ற கூச்சமும் வாயில் வேண்டாத சுவையும் வரலாம். மெல்லச் செலுத்தினால் பெரும்பாலும் தீரும். இன்னொன்று, வைக்கும் இடம். ஊட்டப் பை குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டியது. டாரோலிடின் அங்கே போகக் கூடாது, குளிரில் படிகமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முதல் வாரப் பொருட்கள் வந்திறங்கிய அன்று, உதவிக்கு வந்த சித்தி எல்லாப் பெட்டிகளையும் ஒழுங்காகக் குளிரில் அடுக்கிவிட்டார். மறுநாள் காலையில் ஆம்பூலை (மருந்துக் குப்பியை) வெளிச்சத்தில் பிடித்த தாய், அடியில் உப்புத்தூள் போல ஏதோ மின்னுவதைக் கண்டு, செலுத்தாமல் தொலைபேசியில் அழைத்தார். ஆம்பூலை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் அவரைக் காப்பாற்றியது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே டாரோலிடினும் ஹெப்பாரினும் கலந்த டெஃபென்கேத் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கானது, ஊட்டம் பெறும் குழந்தைகளுக்கானது அன்று.

## எத்தனால்

அமெரிக்காவில் டாரோலிடின் கிடைக்காத ஆண்டுகளில் எத்தனால் அந்த இடத்தைப் பிடித்தது. 70 சதவீத எத்தனால் கிருமியின் புரதங்களை உறையச் செய்து கொல்கிறது; படலத்துக்குள்ளும் ஊடுருவுகிறது; இதற்குக் கிருமி பழகிப்போகும் அச்சம் இல்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2010-இல், குடல் செயலிழந்த குழந்தைகளிடம் விகிதம் 9.9-லிருந்து 2.1 ஆகக் குறைந்ததாகத் தெரிவித்தது. டொராண்டோவில் 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் தொற்று 81 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதற்காகவே இந்த எண்களைத் தருகிறேன்.

ஆனால் எத்தனால் குழாயிடம் கடுமையாக நடந்துகொள்கிறது. சியாட்டிலில் 1973-இல் மருத்துவர் பிராவியாக் வடிவமைத்த சிலிக்கோன் குழாய் அதைத் தாங்கும். பாலியூரித்தேன் குழாய் நாளடைவில் பலம் இழந்து விரிசல் விடும். ஆகவே குழாய் எதனால் ஆனது என்று எழுத்தில் தெரியாமல் எத்தனாலைத் தொடக் கூடாது. சிலிக்கோனிலும், இரத்தப் புரதங்களை உறையச் செய்யும் அதே குணத்தால், அடைப்பும் குழாய் உடைவும் கூடியதாகச் செய்திகள் உண்டு. ஹெப்பாரினோடு சேர்ந்தால் படிவு உண்டாகும் என்பதால் முன்னும் பின்னும் உப்புநீரால் நன்கு அலச வேண்டும். குறைந்தது 2 முதல் 4 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். பின் முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரத்தத்துக்குள் தள்ளினால் சிறு குழந்தைக்கு முகம் சிவப்பதும் மயக்கமும் வரக்கூடும்.

குடலின் பெரும்பகுதியை இழந்த குறுங்குடல் குழந்தைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே எளிதில் கண்ணில் படுவதில்லை. குடலில் கிருமி அளவுக்கு மீறிப் பெருகுவதற்காக இவர்களுக்கு மெட்ரோனிடசோல் என்னும் ஆன்டிபயாடிக் அடிக்கடி கொடுக்கப்படுகிறது. அந்த மருந்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம் என்ற எச்சரிக்கை அதன் உறையிலேயே இருக்கிறது. புது மருந்து எழுதும் மருத்துவர் லாக்கை மருந்தாக நினைக்காமல் விட்டுவிடலாம். நினைவூட்டும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது. சில குடும்பங்களுக்கு ஆல்கஹால் என்பது சமயம் சார்ந்த தயக்கம். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் குழு மாற்றுவழி தேடும். சொல்லாமல் நாள்விட்டு நாள் போடுவதுதான் ஆபத்து.

விலையும் ஒரு கதை. 2018-இல் அமெரிக்காவில் ஊசி எத்தனாலின் ஒரு தயாரிப்புக்கு, இதயத் தசைத் தடிப்பு நோய்க்கான சிகிச்சைக்காகத் தனியுரிமையோடு ஒப்புதல் கிடைத்தது. மற்றத் தயாரிப்புகள் சந்தையைவிட்டு விலக, விலை பல மடங்கு ஏறியது. குழந்தைகளுக்கு எத்தனால் லாக் கொடுத்துவந்த இடங்களும் மாற்று தேட வேண்டியதாயிற்று. அண்ணன் கேள்விப்பட்டது இதற்கு முந்திய காலத்துச் செய்தியாக இருக்கலாம்.

## 4 சதவீத இ.டி.டி.ஏ.

கனடாவில் கைட்லாக் என்ற பெயரில் கிடைக்கும் இதுதான் முதலில் பெற்றோர் கேட்ட 'வேறேதோ'. கால்சியம், மெக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் இயல்பு. கிருமியின் சுவருக்கும் படலத்துக்கும் அந்த உலோகங்கள் வேண்டும். இரத்தம் உறைவதற்கும் கால்சியம் வேண்டும். ஒரே திரவம் தொற்றையும் அடைப்பையும் சேர்த்துத் தடுக்க முயல்கிறது என்பதால், சிரைக் கணக்குப் பார்க்கும் எனக்கு இது கவர்ச்சியாகவே தெரிகிறது. டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையும் குடல் செயலிழந்த குழந்தைகளிடம் இதன் அனுபவத்தை வெளியிட்டிருக்கிறது. ஆயினும் டாரோலிடினுக்குப் பின்னால் நிற்கும் ஆண்டுகள் இதற்கு இன்னும் சேரவில்லை. கால்சியத்தைப் பிடிப்பது என்பதால் அடுத்த பைக்கு முன் உறிஞ்சி எடுப்பதே முறை. அளவு சிறியது என்றாலும் வேகமாக உள்ளே தள்ளினால் கூச்சமோ உலோகச் சுவையோ தோன்றலாம். இரத்தம் திரும்பி வராத குழாயில் உறிஞ்சுவது எப்படி என்பதை முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் லாக்கை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. தொற்று வந்த குழாயை எடுக்காமல் காப்பாற்ற முயலும்போது அதற்கு இடம் உண்டு. தடுப்புக்காக மாதக்கணக்கில் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்ப்பதாகும்.

## ஒரே பார்வையில்

| | உப்புநீர் / ஹெப்பாரின் | டாரோலிடின் | 70% எத்தனால் | 4% இ.டி.டி.ஏ. |
|---|---|---|---|---|
| தொற்றுத் தடுப்பு | இல்லை | வலுவானது | வலுவானது | நம்பிக்கை தருவது. ஆய்வுகள் குறைவு |
| அடைப்பு | ஹெப்பாரின் ஓரளவு தடுக்கும் | சேர்மானத்தைப் பொறுத்தது | கூடலாம் | தடுக்கும் இயல்புடையது |
| குழாய்ப் பொருள் | எதுவும் | சிலிக்கோன், பாலியூரித்தேன் | சிலிக்கோன் மட்டும் | சிலிக்கோன், பாலியூரித்தேன் |
| இரத்தத்தில் கலந்தால் | உப்புநீரால் தீங்கில்லை | டாரினாகச் சிதையும் | மயக்கம், முகச் சிவப்பு | கூச்சம். உறிஞ்சுவது மேல் |
| கவனிக்க வேண்டியது | பாதுகாப்பு உணர்வு மட்டும் மிஞ்சும் | குளிரில் படிகம் | மெட்ரோனிடசோல், விலை | கிடைக்கும் நாடுகள் குறைவு |

## யாருக்கு எது

பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வாழ்ந்து, ஆண்டுக்கணக்கில் ஊட்டம் தேவைப்படும் குழந்தைக்கு, நான் பெற்றோராக இருந்தால் டாரோலிடினைக் கேட்பேன், முதல் தொற்று வரக் காத்திருக்க மாட்டேன். இங்கே பையோடு லாக்கும் தேசிய நலச் சேவையின் செலவில் வீட்டுக்கு வருவதால் பணக் கணக்கு குறுக்கே நிற்பதில்லை. டாரோலிடினிலும் தொற்று தொடர்ந்தால், அடுத்த லாக்குக்குத் தாவுவதற்கு முன் இரண்டு செய்திகள் வேண்டும்: ஒவ்வொரு முறையும் இரத்தச் சோதனையில் வளர்ந்த கிருமி எது, குழாய் வெளிவரும் இடத்துத் தோல் எப்படி இருக்கிறது. தோல் கிருமியே திரும்பத் திரும்ப வளர்ந்தால் கைப்பழக்கத்தைப் பார்க்க வேண்டும். கிளெப்சியெல்லா, இ-கோலி போன்ற குடல் கிருமிகள் வளர்ந்தால் அவை விரிந்து தேங்கிய குடலிலிருந்தே இரத்தத்துக்கு வந்திருக்கலாம், அல்லது டயப்பரும் குழாய் முனையும் நெருங்கிய இடத்தில் ஏறியிருக்கலாம். குடலிலிருந்து நேரே வருவதை எந்த லாக்கும் தடுக்காது.

அமெரிக்காவில், சிலிக்கோன் குழாயுள்ள குழந்தைக்கு எத்தனால் ஏற்கனவே நன்றாக வேலை செய்து, அடைப்பும் உடைவும் இல்லாமல், காப்பீடும் செலவை ஏற்கிறது என்றால், மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு சிரையோ இரண்டோ ஏற்கனவே மூடிப்போன குழந்தைக்குப் புதிதாக எத்தனால் தொடங்குவதில் மிகவும் தயங்குவேன். கனடாவில், தொற்றும் அடைப்பும் மாறி மாறி வரும் குழந்தைக்கு இ.டி.டி.ஏ. பற்றி முதலில் கேட்பேன்.

விடுமுறைக்குச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆறு வாரம் செல்ல எண்ணும் குடும்பம், லாக்கைத் தேவைக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவரின் கடிதத்தோடு, கைப்பையில் கொண்டுபோக வேண்டும். ஊரில் திடீரெனக் கிடைக்கும் என்று நம்பிச் செல்லக் கூடாது. தீர்ந்துபோனால் ஊரில் கிடைக்கும் வேறொன்றைத் தாமாகப் போட்டுக்கொள்ளாமல், உப்புநீருக்கு மாறலாமா என்று குழுவை அழைத்துக் கேட்பதே வழி.

எந்த லாக் உள்ளே இருந்தாலும், லைன் உள்ள குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் தொட்டால், அல்லது பை ஏறத் தொடங்கியதும் குளிர் நடுக்கம் வந்தால், ஏற்றுவதை நிறுத்திக் குழாயை மூடிவிட்டு உடனே குழுவை அழைத்து, அவர்கள் சொல்லும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலையில் பார்ப்போம் என்று படுக்க வைக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் குழாயிலிருந்து இரத்த வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தாக வேண்டும் என்று நினைவூட்டுங்கள். அவசரப் பிரிவில் குழாயை முதலில் தொடுபவருக்கு உள்ளே இருக்கும் லாக் தெரியாமல் இருக்கும். ஆகவே குழாயின் பெயர், பொருள், உட்கொள்ளளவு, போட்ட தேதி, லாக்கின் பெயர், அதை உறிஞ்ச வேண்டுமா தள்ளலாமா என்ற ஆறையும் ஓர் அட்டையில் எழுதி, ஊட்டப் பம்பின் பையிலேயே வைத்திருங்கள்.